டல்லஹாச்சி ஆற்றங்கரைப் பலகை

வழிச்செல்வோர் கண்ணிற் படுமாறு கல்லொன்றை நாட்டி, அதில் மாண்டவன் பெயரைப் பொறித்து வைப்பது மிகப் பழைய வழக்கம். நடுகல் கண்ட நாட்டினராகிய நமக்கு அதன் பொருளை விரித்துரைக்க வேண்டுவதில்லை. இன்ன இடத்தில் இன்னார் இவ்வாறு மடிந்தார் என்பதை ஊரார் கூடி ஒப்புக்கொண்டு, வருவார் போவார்க்கெல்லாம் அறிவிப்பதே அக்கல்லின் பணி. அங்ஙனம் ஒப்புக்கொள்ள ஊர் மறுத்துவிட்டால் என் செய்வது? மறுத்த ஊரே பின்னொரு நாளில் மனம் மாறி நாட்டிய பலகையை வேறு சிலர் பெயர்த்தெறிந்தால் என் செய்வது? இவ்வினாக்களுக்கு விடை கூறும் வரலாறு ஒன்று அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென்பகுதியில், மிசிசிப்பி மாநிலத்தின் நாட்டுப்புற மாவட்டம் ஒன்றில் நிகழ்ந்தது. அதனை இவ்வாண்டு மலரின் வாயிலாக நம் காலனிக் குடும்பத்தார்முன் வைக்க விழைகின்றோம்.

நெடுஞ்சாலைப் பலகைகள்

மோட்டார் வண்டி பெருகிய காலத்தில் அமெரிக்க மாநிலங்கள் தம் சாலையோரங்களில் வரலாற்றுப் பலகைகளை நாட்டத் தொடங்கின. வர்ஜீனியா மாநிலம் 1927ஆம் ஆண்டில் தன் முதற் பலகைகளை நெடுஞ்சாலையில் நிறுத்தியது. மிசிசிப்பி மாநிலத்தின் பலகைத் திட்டம் 1949ஆம் ஆண்டில் பிறந்தது. அம்மாநிலத்துப் பலகை உலோகத்தில் வார்க்கப்பட்டது. பச்சை நிலத்தில் பொன்னிற எழுத்துடையது. உச்சியில் மக்னோலியா மலர் ஒன்றைச் சூடியிருப்பது. வண்டியிற் செல்பவர் சற்றே நின்று படித்துவிட்டுப் போகவேண்டும் ஆதலின், அதில் நீண்ட கட்டுரைக்கு இடமில்லை. சில வரிகளே அடங்கும்.

சில வரிகளே அடங்கும் என்பதில்தான் சிக்கல் இருக்கின்றது. எதைச் சொல்வது, எதை விடுவது என்று ஒருவர் தேர்ந்தாக வேண்டும். பலகை வேண்டுமென்று மனுச் செய்பவரே பெரும்பாலும் அதன் செலவையும் ஏற்பது வழக்கம். எனவே, கையில் பொருளும் அரசினரிடத்துச் செல்வாக்கும் உடையவர் நினைவே சாலையோரத்தில் மிகுதியாக இடம்பெற்றது. 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரின் களங்கள், அப்போரில் தென்னவர் பக்கம் நின்ற தளபதிகள், பெருந்தோட்ட முதலாளிகளின் மாளிகைகள் ஆகியவை பழைய பலகைகளில் நிறைந்திருந்தன. அத்தோட்டங்களில் குனிந்து பருத்தி எடுத்தவர்களைப் பற்றிய பலகையைக் காண்பது அரிதாயிருந்தது. பொய் எழுதியவர் சிலரே. எழுதாமல் விட்டவரே பலர்.

பருத்தி விளையும் பூமி

மிசிசிப்பி மாநிலத்தின் வடமேற்கே டெல்டா என வழங்கும் சமவெளி பரந்து கிடக்கின்றது. ஆற்று வண்டல் படிந்த கரிய மண். கண்ணுக்கெட்டிய தூரம் பருத்தி. அச்சமவெளியின் ஒரு பகுதியே டல்லஹாச்சி மாவட்டம். அதே பெயருடைய ஆறு அதனூடே நெளிந்து ஓடி, கிரீன்வுட் நகரருகே யாலபுஷா ஆற்றோடு கூடி, யாசூ என்னும் பெயர் பெறுகின்றது. மாவட்டத்துக்குத் தலைநகர் இரண்டு. கிழக்கே சார்ல்ஸ்டன், மேற்கே சம்னர். இரண்டிலும் நீதிமன்றம் உண்டு.

சம்னர் மிகச் சிறிய ஊர். அதன் நடுவே செங்கல்லாலான நீதிமன்றக் கட்டடம் நிற்கின்றது. அதன் புல்தரையில் 1913ஆம் ஆண்டில் ஒரு நினைவுச்சின்னத்தை எழுப்பினர். உள்நாட்டுப் போரில் தென்னவர் படையிற் சேர்ந்து பொருத வீரர்களுக்கு எடுத்த சின்னம் அது. அடிமை முறையைக் காக்கப் பிரிந்த மாநிலங்களின் படை அது என்பதை நாம் மறத்தலாகாது. அடிமைகளாயிருந்தோரின் பேரரும் கொள்ளுப்பேரரும் அம்மாவட்டத்தில் பெருந்தொகையினராக வாழ்ந்தனர். அவர்களுக்கென அப்புல்தரையில் ஒரு கல்லும் இல்லை.

அவ்வூர் எல்லையில் இன்னொரு பலகையும் அக்காலத்தில் நின்றது. ஆண்பிள்ளையை வளர்த்து ஆளாக்க ஏற்ற ஊர் சம்னர் என்று அது வருவோர்க்குக் கூறியது. 1955ஆம் ஆண்டில் அவ்வூருக்கு வந்து குவிந்த பத்திரிகை நிருபர்கள் அவ்வாசகத்தைக் கண்டு திகைத்து, தம் ஏடுகளுக்கு எழுதியனுப்பினர். அவர்கள் ஏன் வந்தனர் என்பதை இனிக் கூறுவோம்.

விடுமுறைக்கு வந்த சிறுவன்

மேமி என்னும் பெண்மணி 1921ஆம் ஆண்டில் சம்னருக்கு அணித்தாயுள்ள வெப் என்னும் ஊர்ப்புறத்திற் பிறந்தவர். அவர் கைக்குழந்தையாயிருந்தபோதே குடும்பம் பிழைப்பு நாடி வடக்கே இல்லினாய் மாநிலம் சென்று, சிக்காகோவை அடுத்த ஆர்கோ என்னுமிடத்தில் குடியேறியது. தெற்கின் கொடுமைக்கும் வறுமைக்கும் தப்பி வடபுல நகரங்களை நோக்கி நடந்த கறுப்பின மக்களின் பெரும் புறப்பாட்டில் அக்குடும்பமும் ஒன்று. மேமியின் ஒரே மகன் எம்மெட் டில் 1941ஆம் ஆண்டு ஜூலை 25ஆம் நாள் சிக்காகோவிற் பிறந்தான்.

புலம்பெயர்ந்தோர் வாழ்வின் இயல்பை நாம் அறிவோம். பிழைப்பு ஓரிடம், வேர் ஓரிடம். கோடை விடுமுறை வந்தால் பிள்ளைகளை ரயிலேற்றித் தாத்தா பாட்டி ஊருக்கு அனுப்பிவைப்பது நம் காலனியில் எவ்வீட்டுக்கும் புதிதன்று. 1955ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் மேமியும் அதையே செய்தார். பதினான்கு வயது எம்மெட், தன் தாயின் மாமன் மோஸ் ரைட்டுடன் ரயிலேறி மிசிசிப்பிக்குப் புறப்பட்டான். தெற்கே வெள்ளையர்முன் எவ்வாறு அடங்கி நடக்கவேண்டும் என்று தாய் அவனுக்குப் பலமுறை சொல்லியனுப்பினார். பிறந்த மண்ணுக்கு மகனை அனுப்பும் தாய் இத்தகைய பாடத்தைச் சொல்ல வேண்டியிருந்தது என்பதே அக்காலத் தெற்கின் நிலையைக் காட்டும்.

ஆகஸ்டு 24ஆம் நாள், மணி என்னும் சிற்றூரில் பிரையண்ட் என்பாரது மளிகைக் கடைக்கு எம்மெட் சென்றான். கடையில் இருந்த வெள்ளைப் பெண்ணிடம் அவன் வரம்பு மீறினான் என்பது பின்னர் எழுந்த பேச்சு. 28ஆம் நாள் பின்னிரவில், கடைக்காரர் ராய் பிரையண்டும் தாய் ஒன்றும் தந்தை வேறுமான அவருடைய தமையன் ஜே. டபிள்யூ. மைலமும் ஆயுதத்துடன் மோஸ் ரைட்டின் வீட்டிற்குள் நுழைந்து, உறங்கிய சிறுவனை எழுப்பிக் கொண்டுபோயினர். மூன்று நாள் கழித்து டல்லஹாச்சி ஆற்றில் அவனுடைய உடல் மிதந்தது. பருத்தியிற் கொட்டை நீக்கும் ஆலையின் விசிறி ஒன்றை, ஏறத்தாழ 75 பவுண்டு நிறையுள்ளதை, முள்கம்பியால் கழுத்திற் பிணைத்து ஆற்றில் எறிந்திருந்தனர்.

உடலை மிசிசிப்பியிலேயே விரைந்து புதைத்துவிட அதிகாரிகள் முயன்றனர். தாய் இணங்கவில்லை. சிக்காகோவுக்குக் கொண்டுவரச் செய்து, பெட்டியின் மூடியைத் திறந்தே வைக்கச் சொன்னார். சிதைந்த அம்முகத்தைப் பல்லாயிரவர் கண்டனர். படமாகப் பத்திரிகையில் வெளிவந்தபோது நாடே கண்டது. மகனுக்கு முதல் நினைவுச்சின்னம் எழுப்பியவர் அத்தாயே எனலாம். கல்லும் உலோகமும் அவர் கையில் இல்லை. இருந்தது மகனின் உடல் ஒன்றே.

ஐந்து நாள் விசாரணை

வழக்கு சம்னர் நீதிமன்றத்தில் 1955ஆம் ஆண்டு செப்டம்பர் 19ஆம் நாள் தொடங்கி 23ஆம் நாள் முடிந்தது. ஜூரிகள் பன்னிருவர், பன்னிருவரும் வெள்ளை ஆடவர். கறுப்பின மக்களுக்கு வாக்காளர் பட்டியலில் இடமின்மையால் ஜூரியிலும் இடமில்லை. முதியவராகிய மோஸ் ரைட் சாட்சிக் கூண்டில் ஏறி எழுந்து நின்று, தம் வீட்டிற் புகுந்தவர் இவரே என்று குற்றவாளிகளை நோக்கிக் கை நீட்டினார். அம்மண்ணில் கறுப்பினத்தார் ஒருவர் வெள்ளையரை மன்றத்தில் அங்ஙனம் சுட்டுவது உயிரைப் பணயம் வைக்கும் செயல். பதினெட்டு வயது வில்லி ரீட், பக்கத்து சன்பிளவர் மாவட்டத்தில் ஒரு களஞ்சியத்திலிருந்து அடியோசையும் அலறலும் வந்ததைக் கேட்டதாகக் கூறினார். சாட்சி சொன்ன பின்னர் இருவரும் அம்மாநிலத்தில் வாழ இயலாது வடக்கே சென்றனர்.

ஜூரிகள் 67 நிமிஷமே கலந்து பேசினர். குற்றமில்லை என்பது தீர்ப்பு. சில மாதங்களில், 1956ஆம் ஆண்டு ஜனவரியில், விடுதலை பெற்ற இருவரும் பத்திரிகை ஒன்றிடம் பணம் பெற்றுக்கொண்டு, தாமே கொன்றதாகக் கூறினர். ஒரு குற்றத்துக்கு இருமுறை வழக்கில்லை என்ற சட்டம் அவர்களுக்குக் கவசமாயிற்று. அவ்வாக்குமூலத்தில், வில்லி ரீட் கூறிய களஞ்சியம் அறவே இடம்பெறவில்லை. அச்சில் வந்த கூற்றை நம்பியோர் நெடுங்காலம் அக்களஞ்சியத்தை மறந்தனர். கொலை செய்தவர் வாய்மொழியே நிகழ்ச்சியின் நிலப்படத்தையும் வரைந்தது. மைலம் 1980ஆம் ஆண்டிலும் பிரையண்ட் 1994ஆம் ஆண்டிலும் இறந்தனர். அக்கொலைக்காக எவரும் என்றும் தண்டிக்கப்படவில்லை.

ஐம்பது ஆண்டு மௌனம்

எம்மெட் டில்லின் சாவு அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைப் போருக்கு ஊக்கம் அளித்தது. அதே ஆண்டு டிசம்பரில் அலபாமா மாநிலத்து மாண்ட்கோமரி நகரில் பஸ் புறக்கணிப்புத் தொடங்கியது. உலகம் அச்சிறுவன் பெயரை அறிந்திருந்தது. ஆயினும் அவன் மாண்ட மாநிலத்தின் சாலையோரத்தில் ஏறத்தாழ 50 ஆண்டுகள் அப்பெயரைத் தாங்கிய ஒரு பலகையும் இல்லை. நீதிமன்றத்தின் முன் தென்னவர் படைவீரர் சின்னம் மட்டும் நின்றது. வெள்ளையர் வீடுகளில் அதைப் பற்றிப் பேசுவது பண்பன்று எனக் கருதினர். கறுப்பினத்தார் வீடுகளில் அச்சத்தால் தாழ்ந்த குரலிற் பேசினர். ஒரே ஊரில் வாழ்ந்தோர்க்கு ஒரே வரலாறு இல்லாமற் போயிற்று.

2005ஆம் ஆண்டில் அம்மாவட்டத்தின் வழியே செல்லும் 49 கிழக்கு நெடுஞ்சாலையின் ஒரு பகுதிக்கு எம்மெட் டில் பெயரிடப்பட்டது. அடுத்த ஆண்டில் மாவட்ட ஆட்சிக் குழுவினர் எம்மெட் டில் நினைவுக் குழு ஒன்றை அமைத்தனர். அம்முயற்சியில் முன்னின்றவர், ஆட்சிக் குழுவின் முதற் கறுப்பினத் தலைவராகிய ஜெரோம் லிட்டில். நினைவுக் குழுவில் இரு இனத்தாரும் ஒருங்கே அமர்ந்தனர். அது எளிதாக நடைபெற்றதன்று. ஒருவர் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றார்; நாம் பிறவாத காலத்துப் பிழைக்கு நாம் ஏன் மன்னிப்புக் கேட்பது என்றார் மற்றொருவர். சொல்லுக்குச் சொல் வாதாடி, இருதரப்பாரும் கையொப்பமிடத்தக்க வாசகம் ஒன்றைக் கண்டனர்.

அவ்வாசகம் 2007ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் சம்னர் நீதிமன்றத்தின் முன் படிக்கப்பெற்றது. நம் நாட்டில் காந்தியடிகள் பிறந்த நாளாகக் கொண்டாடும் அந்நாள் அங்கே தற்செயலாக அமைந்தது. நீதியைத் தக்கவாறு நாடத் தம் மாவட்டம் தவறியது என்பதை ஒளிவின்றி வருத்தத்துடன் கூறுகின்றோம் என்பது அதன் சாரம். 1955ஆம் ஆண்டில் நடந்தது என்ன என்று கூறும் பலகையும் நீதிமன்றத்தின் முன் நாட்டப்பெற்றது. 1913ஆம் ஆண்டின் சின்னமும் அப்புல்தரையிலேயே நின்றது. அங்கே வருபவர் இரண்டையும் படிக்க வேண்டியவராயினர். பின்னர் நீதிமன்றக் கூடமும் 1955ஆம் ஆண்டில் இருந்த தோற்றத்துக்கு மீட்டமைக்கப்பட்டது.

நான்கு பலகைகள்

2008ஆம் ஆண்டில் நினைவுக் குழுவினர் மாவட்டத்தின் பல இடங்களில் ஊதா நிறப் பலகைகளை நிறுத்தினர். அவற்றுள் ஒன்று கிளெண்டோரா என்னும் ஊருக்கு வெளியே, கிராபால் துறை என வழங்கும் ஆற்றங்கரையில் நின்றது. எம்மெட்டின் உடல் கரையேற்றப்பட்ட இடத்தைக் குறிக்கும் பலகை அது. சரியான இடம் அதுதானா என்பதில் ஆராய்ச்சியாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. அரை நூற்றாண்டு மௌனத்துக்குப் பின் இடத்தைத் தேடப் புகுந்தால் இத்தகைய ஐயம் எழுவது இயல்பே. காலத்தே நாட்டாத கல்லுக்கு இடமும் நழுவிப் போகின்றது.

அம்முதற் பலகை அதே ஆண்டில் பெயர்த்தெடுக்கப்பட்டது. ஆற்றில் எறிந்தனர் என்பர். இரண்டாம் பலகையை நிறுத்தினர். ஊரிலிருந்து ஒதுங்கி, மண்பாதையின் முடிவில் தனித்து நின்ற அப்பலகையை இரவில் வந்தோர் சுட்டனர். மீண்டும் மீண்டும் சுட்டனர். 2016ஆம் ஆண்டில் ஒருவர் எடுத்த படம் உலகெங்கும் பரவியபோது, அதில் 317 துளைகள் எண்ணப்பட்டன. எழுத்துகளே சல்லடையாய்ப் போயிருந்தன.

மூன்றாம் பலகை 2018ஆம் ஆண்டு ஜூனில் எழுந்தது. முப்பத்தைந்து நாளில் அதிலும் குண்டு பாய்ந்தது. பலகையின் அருகே துப்பாக்கி ஏந்தி, முகமலர்ச்சியோடு நிற்கும் மூன்று கல்லூரி மாணவரின் படம் 2019ஆம் ஆண்டில் வெளியாயிற்று. கொலை நடந்தபோது அவர்களின் தந்தையரே பிறந்திருப்பரோ என்பது ஐயம். வெறுப்புக்கு நேரில் கண்ட நினைவு வேண்டுவதில்லை; சொல்லித் தந்தாலே போதும் என்பதற்கு அப்படம் சான்று.

குழுவினர் சோர்ந்தாரில்லை. 2019ஆம் ஆண்டு அக்டோபரில் நான்காம் பலகையை நாட்டினர். தடித்த எஃகினாற் செய்து, குண்டு துளைக்காத தன்மையுடன் அமைந்த அப்பலகையின் எடை ஏறத்தாழ 500 பவுண்டு. காவலுக்குக் காமிராக்களையும் பொருத்தினர். எம்மெட்டின் உறவினர் அவ்விழாவுக்கு வந்து ஆற்றங்கரையில் நின்றனர். வரலாற்றை அறிவிக்கும் பலகைக்குப் போர்க்களத்துக் கேடயம் போன்ற உடல் வேண்டியிருந்தது.

குண்டுபட்ட இரண்டாம் பலகை அழிந்துபோகவில்லை. 2021ஆம் ஆண்டில் தலைநகர் வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் அதனை மக்கள் காண வைத்தனர். அதில் எழுதப்பட்டிருந்தது 1955ஆம் ஆண்டின் செய்தி. அதன்மேல் விழுந்த துளைகளோ 21ஆம் நூற்றாண்டின் செய்தி. எழுத்தை அழிக்க வந்தவர் தம்மையறியாது அதே பலகையில் இரண்டாம் வரலாறு ஒன்றை எழுதிவிட்டுச் சென்றனர்.

மணி ஊரின் கதையும் இதைப் போன்றதே. பக்கத்து லிபுளோர் மாவட்டத்தைச் சேர்ந்த அவ்வூரில், இடிந்து கொடி படர்ந்து கிடக்கும் மளிகைக் கடையின் முன் 2011ஆம் ஆண்டில் ஒரு பலகை வைத்தனர். 2017ஆம் ஆண்டில் அதனைக் கீறிச் சிதைத்தனர். பின்னும் வந்து, படமும் எழுத்தும் இருந்த பரப்பையே உரித்தெடுத்தனர். அப்பலகையும் மீண்டும் செப்பனிடப்பட்டது.

இறுதியில் நாட்டரசே முன்வந்தது. 2022ஆம் ஆண்டு மார்ச்சு 29ஆம் நாள், கும்பற்கொலையைக் கூட்டரசுக் குற்றமாக்கும் சட்டம் எம்மெட் டில் பெயரால் நிறைவேறியது. 2023ஆம் ஆண்டு ஜூலை 25ஆம் நாள், அவன் உயிரோடிருந்தால் 82 வயது நிறைந்திருக்கும் பிறந்த நாளில், அவன் பெயராலும் தாய் மேமியின் பெயராலும் தேசிய நினைவிடம் ஒன்று அறிவிக்கப்பெற்றது. சிக்காகோவில் இறுதிச் சடங்கு நடந்த ஆலயம், சம்னர் நீதிமன்றம், கிராபால் துறை ஆகிய மூன்றும் அதில் அடங்கும். மாவட்டத்தார் சிலர் தொடங்கிவைத்த பலகைப் பணியின் பயன் அது.

பலகை காக்கும் பணி

பலகையினால் மாண்டவன் மீள்வானா என்று கேட்கலாம். மீளான். தீர்ப்பு மாறுமா? மாறாது. சம்னர் வட்டாரத்தின் வறுமையும் அதனால் தீர்ந்துவிடவில்லை. அப்படியிருக்க, சில வரிகளை அழிக்க இத்தனை பேர் இரவில் துப்பாக்கி தூக்கி வருவானேன்? வெறும் சொல் என்று அவர்களே எண்ணவில்லை என்பது தெளிவு. நடந்ததை நடந்தவாறு பொதுவழியில் ஊர் ஒப்புக்கொள்வது, நீதிமன்றம் வழங்காத தீர்ப்பில் ஒரு பகுதியையேனும் வழங்குவதாகும். அத்தீர்ப்பை விரும்பாதவர் அதனைச் சுட்டனர். விரும்பியவர் அதனை நான்காம் முறையும் நாட்டினர்.

நம் பிள்ளைகள் ஊருக்குச் செல்லும் வழியில் எத்தனையோ தூண்களையும் சிலைகளையும் பெயர்ப்பலகைகளையும் காண்கின்றனர். இதனை வைத்தவர் யார், யாருக்காக வைத்தனர், இங்கே பெயரின்றிப் போனவர் யார் என்று கேட்க அவர்களைப் பழக்குவது நம் கடன். கேட்கத் தெரிந்த பிள்ளைக்கு ஒவ்வொரு சாலையும் ஒரு வரலாற்று ஏடாகும்.

கிராபால் துறைக்குச் செல்பவர் மண்பாதையின் முடிவில் எஃகுப் பலகையைக் காண்பர். அதன் பின்னே டல்லஹாச்சி ஆறு கலங்கிய நீருடன் ஓடிக்கொண்டிருக்கின்றது. பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவன் தன் தாயின் ஊரைக் காண வந்தான் என்னும் செய்தியை அவ்விடத்தில் எவரும் இனி அறியாமற் போக வழியில்லை.